நோயோடு வரும் உறக்கமின்மை

‘பசி ருசியறியாது, நித்திரை சுகமறியாது’ என்பது நம்மவர் பழமொழி. நாள் முழுதும் தறியில் இருந்து நெய்தவரும், வெயிலில் நின்று களையெடுத்தவரும் தலை சாய்த்த இடத்திலேயே உறங்கிவிடுவர். அவர்களுக்குப் பாயும் வேண்டுவதில்லை, தலையணையும் வேண்டுவதில்லை. ஆனால் அதே வீட்டில் நீரிழிவோ, இருதய நோயோ, இரைப்போ, மூட்டுவலியோ உடைய ஒருவர் இருப்பாராயின், அவர் நல்ல மெத்தையில் படுத்தும் விடியும்வரை புரண்டுகொண்டிருப்பதைக் காண்கிறோம்.

இதைக் கண்ட வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். ‘உடம்பில் நோய் இருக்கும்போது உறக்கம் எப்படி வரும்? நோய் தீர்ந்தால் அதுவும் தானே சரியாகும்’ என்று வாளாவிருப்பது ஒன்று. மருந்துக் கடையில் ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு என்பதையும், நோயாளியின் உறக்கமின்மையைத் தனியாகவே கவனித்துக் காரணம் தேடிச் சீர்செய்ய வேண்டும் என்பதையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறக்கமின்மை என்பது யாது?

ஓர் இரவு உறங்காமற் போவது நோயன்று. மகளுக்குத் திருமணம் வைத்திருப்பவரும், கடன் தவணை நெருங்குபவரும், மழையை எதிர்நோக்கி நாற்று விட்டிருப்பவரும் சில இரவுகள் விழித்திருப்பது இயற்கையே. படுத்தும் உறக்கம் பிடியாமை, இடையில் விழித்தால் மீண்டும் உறங்க இயலாமை, வேண்டிய நேரத்திற்கு வெகு முன்னரே விழித்துவிடுதல் ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று, வாரத்தில் 3 இரவுகளுக்குக் குறையாமல், 3 மாதங்களுக்கு மேல் நீடித்து, அதனால் பகலில் சோர்வும் எரிச்சலும் மறதியும் வேலைக் குறைவும் உண்டாகுமானால், அதனையே மருத்துவர்கள் நாட்பட்ட உறக்கமின்மை என்பர். உறங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும் உறங்க இயலாமையே இதன் அடையாளம். இரவு முழுதும் விழித்து நீர் பாய்ச்சுபவர் உறங்காதது இதில் சேராது.

முன்னாட்களில் மருத்துவ நூல்கள் இதனை இரு கூறாகப் பிரித்தன. வேறு நோய் ஒன்றுமின்றி வருவது ஒரு வகை. வேறு நோயின் விளைவாக வருவது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்குத் தனி வைத்தியம் வேண்டுவதில்லை, மூல நோயைத் தீர்த்தாற் போதும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் மூல நோய் தணிந்த பின்னும் பலருக்கு உறக்கம் திரும்பாமையைக் கண்டு இக்கருத்து மெல்ல மாறிற்று. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு, ‘நோயின் விளைவான உறக்கமின்மை’ என்பதைக் காட்டிலும் ‘நோயோடு உடனிருக்கும் உறக்கமின்மை’ என்று கூறுவதே பொருந்தும் எனத் தெரிவித்தது. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பகுப்பு நூலும் பழைய இரு பிரிவை நீக்கிவிட்டது. ஆகவே இருதய நோயும் உறக்கமின்மையும் ஒருவருக்கு இருந்தால், அவருக்கு இரண்டு துன்பங்கள் உள்ளன என்றே கொள்ளவேண்டும். இரண்டிற்கும் வைத்தியம் வேண்டும்.

ஒன்று மற்றொன்றை வளர்க்கும்

இவ்வாறு கொள்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நோய் உறக்கத்தைக் கெடுப்பது போலவே, உறக்கக்கேடும் நோயை வளர்க்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் உடல்நலமுள்ள 11 இளைஞர்களை 6 இரவுகள் தொடர்ந்து 4 மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்து சோதித்து, அம்முடிவை 1999-இல் வெளியிட்டனர். நோயே இல்லாத அவர்களுடைய உடல், சர்க்கரையை இரத்தத்தினின்றும் அகற்றும் வலிமையில் தெளிவாகக் குன்றிப்போயிருந்தது. நோயற்ற இளைஞருக்கே இவ்வாறெனில், நீரிழிவு உடையவர் நிலை என்னவாகும்?

இரத்த அழுத்தமும் அவ்வாறே. நல்ல உறக்கத்தில் அது பகலிலிருந்த அளவினும் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை தாழ்ந்து, இருதயத்திற்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஓய்வு தருகிறது. உறக்கம் கெடுமாயின் அவ்வோய்வு குறைகிறது. வலியோ எனில், உறங்காத இரவுக்கு மறுநாள் அதே வலி மிகுதியாகத் தோன்றுகிறது. மிகுந்த வலி அடுத்த இரவின் உறக்கத்தையும் கெடுக்கிறது. நெடுநாள் உறக்கமின்மை மனச்சோர்வு நோய்க்கும் வழிகோலுகிறது. எனவே ‘உறக்கந்தானே’ என்று ஒதுக்குவது மூல நோய்க்குச் செய்யும் வைத்தியத்தையே பாதி வீணாக்குவதாகும்.

காரணத்தைத் தேடுக

பாவில் ஓர் இழை அறுந்துபோயின் ஊடையை எத்துணை இறுக்கி அடித்தாலும் அக்குறை நீங்குவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிணைத்தல் வேண்டும். அதுபோல, நோயாளியை விழிக்கச் செய்வது எது என்று முதலில் அறிதல் வேண்டும். எந்த நேரத்தில் விழிக்கிறார், விழித்ததும் என்ன செய்கிறார், எதனால் ஆறுதல் பெறுகிறார் என்னும் மூன்றையும் கவனித்தால் பெரும்பாலும் காரணம் புலப்பட்டுவிடும்.

மூச்சுத் திணறல்: படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, உட்கார்ந்தால் அல்லது ஜன்னலருகே நின்றால் ஆறுதல் பெறுகிறாரா? ஒரு தலையணையில் படுத்துவந்தவர் இப்போது இரண்டு மூன்று அடுக்கிக்கொள்கிறாரா? மாலையில் கால் வீங்குகிறதா? இவை இருதயம் தளர்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். பகலில் கால்களில் தங்கிய நீர், படுத்தவுடன் இரத்தத்தில் மீண்டு மார்புப் பக்கம் வருகிறது. தளர்ந்த இருதயம் அதனை வாங்கித் தள்ள இயலாமையால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டுகிறது. இதனை ‘தூக்கம் வரவில்லை’ என்று சொல்லித் தூக்க மாத்திரை வாங்குவது பேராபத்து. தாமதமின்றி மருத்துவரிடம் காட்டவேண்டும். மூச்சுத் திணறல் உட்கார்ந்தும் தணியாவிடினும், மார்பு வலியோ குளிர்ந்த வியர்வையோ உடன் வந்தாலும், உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

இரைப்பு நோய் உடையவர் பின்னிரவில், பெரும்பாலும் 3, 4 மணி அளவில், இருமலும் இளைப்புமாக விழிப்பர். மூச்சுக் குழல்கள் அந்நேரத்தில் இயல்பாகவே சற்றுச் சுருங்குவது இதற்குக் காரணம். இரைப்பினால் இரவில் விழிக்கத் தொடங்கினால், அந்நோய்க்குரிய மருந்து போதவில்லை என்றோ, உறிஞ்சு மருந்தை முறையாக இழுக்கவில்லை என்றோ பொருள். அதைச் சரிசெய்தால் உறக்கம் தானே வரும். உண்டவுடன் படுப்பவருக்கு இரைப்பையின் புளிப்பு மேலேறி நெஞ்செரிச்சலும் இருமலும் உண்டாகும். இவர்கள் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னரே உணவை முடித்துக்கொள்வதும், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்துவதும், இடப்புறமாகப் படுப்பதும் நலம்.

சிறுநீர்: இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுபவர் உறக்கமின்மை என்று கூறுவர், உண்மையில் அவருடைய குறை வேறு. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது சிறுநீரில் வெளிப்பட்டுத் தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. ஆகவே இரவில் மும்முறை நான்குமுறை எழும் நீரிழிவுக்காரர் முதலில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளவேண்டும். வயது முதிர்ந்த ஆண்களுக்கு ஆண்மைச் சுரப்பி பருத்தலும், கால் வீக்கம் உடையவர்களுக்கு அந்நீர் இரவில் இறங்குவதும், சிறுநீர் பெருக்கும் மாத்திரையை மாலையில் உண்பதும் இதற்குக் காரணங்களாகும்.

நீரிழிவில் இதற்கு மாறான மற்றொன்றும் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவரும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்பவரும் இரவு உணவைக் குறைத்தாலோ விட்டாலோ, நடு இரவில் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும். வியர்த்து நனைதல், கை நடுக்கம், கொடுங்கனவு, காலையில் தலைவலி ஆகியன இதன் அடையாளங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரிற் கரைத்து அருந்தச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். இத்தகைய நிலை ஒருமுறை நேர்ந்தாலும் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரைக் கேட்டல் அவசியம்.

கால் குடைச்சல்: மாலையிலும் இரவிலும் படுத்தவுடன் கால்களில் ஏதோ ஊர்வது போலவும் இழுப்பது போலவும் தோன்றி, அசைக்காமல் இருக்க முடியாமல், எழுந்து நடந்தால் தணிந்து, படுத்தால் மீண்டும் தொடங்கும் துன்பம் ஒன்றுண்டு. ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதனைக் குறித்துள்ளார். சுவீடன் நாட்டு மருத்துவர் எக்போம் 1945-இல் இதனை விரிவாக விளக்கினார். இரும்புச்சத்துக் குறைவு, நாட்பட்ட சிறுநீரக நோய், கர்ப்பம் ஆகியவற்றில் இது மிகுதி. மாதவிலக்கில் மிகுந்த உதிரம் இழக்கும் பெண்களும், செருப்பின்றி வயலில் நடந்து கொக்கிப் புழுவுக்கு இடங்கொடுத்தவர்களும் இரத்தசோகைக்கு ஆளாவது நாம் அறிந்ததே. இவர்களுடைய இரத்தத்தில் இரும்புச் சேமிப்பைச் சோதித்து, குறைவிருந்தால் நிறைவு செய்யும்போது பலருக்குக் கால் குடைச்சல் தணிந்து உறக்கம் வருகிறது. உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் விற்கும், மயக்கந் தரும் மாத்திரைகள் இக்குடைச்சலை மிகுவிக்கக் கூடும். ஆதலின் இவர்கள் தூக்கத்திற்காக அவற்றை உண்பது எதிர் விளைவையே தரும்.

உள்ளங்கால் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் நடந்தாலும் தணியாமல் இரவில் மிகுமாயின், அது நீரிழிவால் நரம்பு கெட்டதன் குறியாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்துகள் உள்ளன. உணர்ச்சி குன்றிய கால்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் புண்ணாக்கிக்கொள்ளுதல் கூடாது.

குறட்டை: பெருங்குறட்டை விட்டு, இடையே சில விநாடிகள் மூச்சே நின்று, பின் திணறலோடு மீண்டும் மூச்சு விடுபவரை நாம் கண்டிருக்கிறோம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு வழியை அடைப்பதே இது. ஒரு மணி நேரத்தில் 5 முறைக்கு மேல், ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு தடைப்படுவதை நோயென்று கணக்கிடுகின்றனர். இவர்கள் இரவில் பலமுறை விழித்து, காலையில் தலைவலியோடு எழுந்து, பகலில் தறியிலும் வண்டியிலும் உறங்கி விழுவர். மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தத்திற்கு இது ஒரு காரணம். உடற்பருமனைக் குறைத்தலும், ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் 1981-இல் விளக்கி வெளியிட்ட, முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் கருவியும் இதற்குப் பயன்படும். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி அடைப்பைப் பெருக்கும்.

வலியும் மனமும்: நெடுநேரம் குழித்தறியில் அமர்பவருக்கு இடுப்பும் கழுத்தும் முழங்காலும் நோவது வழக்கம். மூட்டு வலியால் விழிப்பவர், வலி மருந்தை எந்த நேரத்தில் உண்டால் இரவுக்குப் பயன்படும் என்று மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும். தாமே வலி மாத்திரைகளை வாங்கி நாள்தோறும் விழுங்குதல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இருதயத் தளர்ச்சியை மிகுவிக்கும். நோயும் வலியும் உள்ள இடத்தில் கவலையும் மனச்சோர்வும் குடிபுகுவது எளிது. விடியற்காலை 3 மணிக்கே விழித்து, ஒன்றிலும் விருப்பமின்றி, உணவும் செல்லாமல், இரண்டு வாரங்களுக்கு மேல் துயருற்றிருப்பவருக்கு மனநல வைத்தியம் தேவை. வாழவேண்டாம் என்ற சொல் வாயில் வந்தால் அதனை அற்பமாக எண்ணலாகாது. அவரைத் தனியே விடலும் ஆகாது. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணில் தொலைபேசியிற் பேசலாம்.

மருந்தே காரணமாவதும் உண்டு

நோயைத் தீர்க்கும் மருந்து உறக்கத்தைக் கெடுப்பதும் உண்டு. பிரெட்னிஸோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள், இரைப்புக்குத் தரும் தியோபிலின், மூக்கடைப்பு நீக்கும் சில மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகளுள் சில, அளவுக்கு மேற்பட்ட தைராய்டு மாத்திரை ஆகியன விழிப்பைத் தரும். இரத்த அழுத்தத்திற்கும் படபடப்பிற்கும் கொடுக்கும் பிரொப்ரனலால் சிலருக்குக் கெட்ட கனவைத் தரும். இவற்றைத் தாமே நிறுத்திவிடுதல் பெருந்தவறு. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதால் உயிருக்கே இடையூறு நேரலாம். மாலையில் உண்பதைக் காலைக்கு மாற்றலாமா, வேறு மருந்து உண்டா என்று மருத்துவரைக் கேட்பதே செய்யத்தக்கது. பல வேளைகளில் நேரத்தை மாற்றுவதாலேயே குறை தீர்ந்துவிடுகிறது.

காப்பியையும் தேநீரையும் இங்கே மறக்கலாகாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் ஒருவகைப் பொருள் சிறுகச் சிறுகச் சேர்ந்து உறக்கத்தை வருவிக்கிறது. காப்பியிலுள்ள காஃபீன் அப்பொருள் தன் வேலையைச் செய்யாதபடி மறித்துவிடும். அருந்திய 5 மணி நேரம் கழிந்தும் அதிற் பாதி உடலில் எஞ்சியிருக்கும். ஆகவே நண்பகலுக்குப் பின் இவற்றைத் தவிர்த்தல் நலம். பீடியும் சுருட்டும் விழிப்பையே தரும். மதுவோ முன்னிரவில் உறக்கத்தை அழைத்துவந்து பின்னிரவில் கலைத்துவிடும். அதனை உறக்க மருந்தென்று கருதுவது ஏமாற்றமே.

தூக்க மாத்திரை பற்றி

பயிர் மஞ்சளித்தால் எல்லாவற்றிற்கும் நீரே மருந்து என்று பாய்ச்சும் விவசாயி எவருமில்லை. வேரில் நீர் தேங்கி மஞ்சளித்த பயிருக்கு மேலும் நீர் விட்டால் அது அழிந்துபோம். காரணம் அறியாமல் தூக்க மாத்திரை உண்பதும் அத்தகையதே. மூச்சு அடைப்பு உடையவருக்கு அது அடைப்பை மிகுவிக்கும். நுரையீரல் நோயாளிக்கு மூச்சை மந்தப்படுத்தும். முதியவர் இரவில் எழுந்தால் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளச் செய்யும். அல்பிரஸோலாம், டயஸிபாம் போன்றவற்றைச் சில வாரங்கள் தொடர்ந்து உண்டால் உடல் அவற்றிற்குப் பழகி, பழைய அளவு போதாமற் போகும். இல்லாமல் உறங்கவும் முடியாது.

சில நேரங்களில் மருத்துவர் தாமே இம்மாத்திரைகளைச் சின்னாட்களுக்குக் கொடுப்பதுண்டு. அதிற் குற்றமில்லை. ஆனால் மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்பதும் வாங்குவதும் சட்டத்திற்கு மாறானவை. 2014 முதல் இவ்விரு மாத்திரைகளையும் விற்கும் கடைக்காரர், சீட்டு எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்கவேண்டும் என்பது விதி. நெடுநாளாக உண்டு வருபவர் இக்கட்டுரையைப் படித்தவுடன் நிறுத்திவிடலும் ஆகாது. திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

நோய் தணிந்தும் உறக்கம் திரும்பாவிடின்

மூச்சுத் திணறல் அடங்கிற்று, சர்க்கரை கட்டுப்பட்டது, வலியும் குறைந்தது. ஆயினும் உறக்கம் வரவில்லை என்பவர் பலர். இதன் விடையை அமெரிக்க உளநூலறிஞர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் தெளிவுபடுத்தினார். உறக்கமின்மையைத் தொடங்கி வைப்பது ஒன்று. அதனை நீடிக்கச் செய்வது வேறொன்று. நோய் வந்தபோது தொடங்கிய உறக்கமின்மையை, அக்காலத்தில் நாம் கைக்கொண்ட பழக்கங்கள் நோய் சென்ற பின்னும் காத்து வருகின்றன. இரவில் உறங்காததற்கு ஈடாகப் பகலில் படுத்தல், இரவு 8 மணிக்கே படுக்கைக்குச் செல்லுதல், விடிந்தும் எழாமை, படுக்கையில் கிடந்து கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்படுதல் ஆகியவையே அப்பழக்கங்கள். நாளடைவில் படுக்கையைக் கண்டாலே விழிப்பு வரும்படி மனம் பழகிவிடுகிறது.

இப்பழக்கங்களை மாற்றும் முறையையே நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் வைத்தியமாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. மூட்டு வலி, புற்றுநோய், மனச்சோர்வு ஆகியவற்றோடு கூடிய உறக்கமின்மைக்கும் இம்முறை பயன்படுவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அதன் சாரம் வருமாறு:

1. எந்த இரவு எவ்வாறு கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவேண்டும். எழுந்ததும் வெளிச்சத்தில் சற்று நடத்தல் நலம்.

2. உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே படுக்கைக்குச் செல்லவேண்டும். சோர்வு வேறு, உறக்கம் வேறு.

3. படுத்து ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வராவிடின் எழுந்து வேறிடத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, உறக்கம் வந்தபின் மீண்டும் படுக்கவேண்டும். கடிகாரத்தையும் கைப்பேசியையும் பாராதிருத்தல் வேண்டும். இவ்விதியை ரிச்சர்ட் பூட்ஸின் என்பார் 1972-இல் வகுத்தளித்தார்.

4. படுக்கையில் இருந்து உண்ணல், கணக்குப் பார்த்தல், தொலைக்காட்சி காணல் ஆகியவற்றை விலக்கவேண்டும்.

5. படுக்கையில் இருக்கும் நேரத்தை, உண்மையில் உறங்கும் நேரத்தின் அளவிற்குக் குறைக்கவேண்டும். ஒருவர் 9 மணி நேரம் படுத்திருந்து ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார் என்று கொள்வோம். அவர் இரவு 11.30 மணிக்குப் படுத்துக் காலை 5 மணிக்கு எழுவாராக. படுத்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் உறங்கத் தொடங்கியதும், வாரம் ஒருமுறை 15 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். எக்காரணத்தாலும் 5 மணி நேரத்திற்குக் கீழே குறைக்கலாகாது.

இவற்றுள் ஐந்தாம் விதி முதல் இரண்டு வாரங்களில் பகற் சோர்வை மிகுவிக்கும். வலிப்பு நோய் உடையவரும், களிப்பும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய் உடையவரும், வண்டி ஓட்டுபவரும், இயந்திரத்தில் வேலை செய்பவரும் மருத்துவர் மேற்பார்வையின்றி அதனைக் கைக்கொள்ளலாகாது. நோயால் மெலிந்து பகலில் படுத்தேயாகவேண்டியவர், பிற்பகல் 3 மணிக்கு முன் அரைமணி நேரத்திற்கு மேற்படாமல் உறங்கலாம்.

உறக்கத்திற்கும் ஓர் ஏடு

சங்கத்தின் வரவு செலவை ஏட்டில் எழுதாமல் நினைவில் வைத்து நடத்த முடியாது என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்தது. உறக்கத்திற்கும் அவ்வாறே ஒரு கணக்கு வேண்டும். இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் காலையில் எழுந்ததும், எத்தனை மணிக்குப் படுத்தார், உத்தேசமாக எப்போது உறங்கினார், எத்தனை முறை விழித்தார், ஒவ்வொரு முறையும் எதனால் விழித்தார், எப்போது எழுந்தார், பகலில் எவ்வளவு உறங்கினார், தேநீர், காப்பி, புகை, மது எப்போது, எந்த மாத்திரையை எந்த நேரத்தில் உண்டார் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதவேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் எழுதித் தரலாம்.

இந்நோட்டையும், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுக. ‘தூக்கம் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் மருத்துவர் ஒரு மாத்திரையே எழுதக்கூடும். ‘நான்கு தலையணை வைத்தும் மூச்சு முட்டி ஒரு மணிக்கு எழுகிறேன்’ என்றோ, ‘கால் குடைச்சலால் எழுந்து நடக்கிறேன்’ என்றோ சொன்னால் அவர் காரணத்தைத் தேடத் தொடங்குவார். நோயாளி எதைக் கூறுகிறார் என்பதைப் பொறுத்தே வைத்தியமும் அமைகிறது.

வீட்டார் கடமை

உறங்குபவர் தம் குறட்டையைத் தாம் அறியார்; மூச்சு நிற்பதையும் அறியார். அருகில் படுப்பவரே அதற்குச் சாட்சி. ஆதலின் மருத்துவரிடம் செல்லும்போது அவரும் உடன் செல்லுதல் நன்று. நோயாளியை இரவெல்லாம் பார்த்துக்கொள்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர், தம் உறக்கத்தை இழந்து தாமும் நோயாளியாவதை நாம் காண்கிறோம். இப்பணியை வீட்டிலுள்ளோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளவேண்டும். ஒருவர் பாரத்தைப் பலர் தாங்குவதே கூட்டுறவு. அது சங்கக் கட்டிடத்தோடு முடிந்துவிடுவதன்று.

இரவில் விழித்துக் கிடக்கும் நோயாளி பிறரை எழுப்பத் தயங்கி வாய்திறவாமல் இருப்பார். காலையில் கேட்டால் ‘கொஞ்சம் தூங்கினேன்’ என்பார். அச்சொல்லை நம்பி இருந்துவிடாமல், எதனால் விழித்தீர் என்று அன்போடு மேலும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். தளர்ந்த இருதயமும், தாழ்ந்த சர்க்கரையும், நின்று நின்று வரும் மூச்சும் வெளிப்படுவது பெரும்பாலும் இரவிலேதான். அவற்றைக் காலத்தில் அறிந்தால் ஓர் உயிர் பிழைக்கும். இல்லையேல் நாள்தோறும் படும் துன்பமாவது குறையும்.